அழிந்த வரிகளில் ஒரு சமையல் விளையாட்டு

சமையலை வைத்து வீடியோ கேம் செய்பவர்கள் பெரும்பாலும் கடிகாரத்தைத்தான் முதலில் கொண்டுவந்து வைப்பார்கள். இங்கிலாந்தில் இரண்டே பேர் சேர்ந்து தொடங்கிய நிறுவனத்தின் 'ஓவர்குக்ட்' (2016) அப்படிப்பட்டது. ஆர்டர்கள் குவிந்துகொண்டே இருக்கும். நாலு பேர் ஒரே அடுப்படியில் முட்டி மோதி வெங்காயம் நறுக்க வேண்டும். அந்தப் பரபரப்புதான் அதன் சுவை.

கனடாவின் டொரோன்டோவில் இயங்கும் 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழு 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா'வில் கடிகாரம் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, கணவன் பாவலன், அங்கேயே பிறந்து வளரும் மகன் கவின். இவர்களின் கதைக்கு நடுவே நாம் சமைக்கிறோம். வெண்பாவின் அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து, கறை படிந்து, பல வரிகள் அழிந்து கிடக்கிறது. விடுபட்டதை யோசித்துக் கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு.

இது அருமையான வடிவமைப்பு. இட்லித் தட்டுகளை எப்படி மாற்றி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போய்ச் சேரும்? புட்டுக் குழாயில் முதலில் எது போக வேண்டும்? அடியில் சில்லு எனும் துளையிட்ட தகடு இல்லாவிட்டால் மாவு அப்படியே கீழே கொட்டிவிடும். சில்லுக்கு மேல் தேங்காய்த்துருவல், பிறகு மாவு, மறுபடியும் தேங்காய். நம் வீட்டுப் பெண்கள் யாருக்கும் விளக்காமல் கைப்பழக்கமாகச் செய்துவந்த காரியங்களுக்குப் பின்னால் இவ்வளவு காரண காரியம் இருக்கிறது என்பதை, இட்லியைக் கண்ணால் பார்த்திராத ஒருவரும் இங்கே தானே உணர்ந்துகொள்கிறார். தப்பாக அடுக்கினால் தண்டனை இல்லை, திரும்பச் செய்யலாம்.

ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறதே என்று குறைப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வொரு பண்டத்துக்கும் தனிப் படங்கள், எண்ணெய் பொரியும் தனிச் சத்தம், தனிப் புதிர் வேண்டும். கைக்கு அடங்கிய சில பண்டங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் ஆழமாகச் செய்வதே சிறு குழுவுக்குப் பலம். சமைக்கும்போது ரேடியோவில் ஒலிக்கும் தமிழ்ப் பாட்டுகளைக்கூட இந்த விளையாட்டுக்கென்றே புதிதாக உருவாக்கியிருக்கிறார்கள். 2024-ல் சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் முதன்மைப் பரிசும், சிறந்த அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதும் இதற்குக் கிடைத்தன.

அந்தச் சமையல் குறிப்புப் புத்தகத்தின் இன்னொரு பயன் பின்னால்தான் தெரிகிறது. வளர்ந்த கவின் அடுப்படிக்கு வரும்போது அவனுக்குத் தமிழ் எழுத்தே தடுமாறுகிறது. அம்மாவுக்குக் கறைதான் தடை. மகனுக்கு அதே புத்தகத்தின் மொழியும் தடை. புதிதாக எதையும் சேர்க்காமலே புதிர் கடினமாகிவிடுகிறது.

இந்த வழியில் இன்னும் எவ்வளவோ செய்யலாம். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பதம் பார்ப்பார்களே, அதை மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு சிறு குழு கையில் எடுத்தால், முதல் ஆளாக வாங்கி விளையாட நான் தயார்.