காணாமல் போன வெங்காயம்!

இப்போது பல ஓட்டல்களில் சரக்குக் கணக்கைக் கம்ப்யூட்டர் பார்க்கிறது. எந்தப் பலகாரத்துக்கு என்ன சாமான், எவ்வளவு என்ற செய்முறை அதில் எழுதப்பட்டு இருக்கும். கல்லாவில் பில் போட்டதும், அந்தச் சாமான்கள் கணக்கில் தானாகக் கழிந்து விடும்.

ஓர் ஓட்டலில் தினமும் 200 வெங்காய ஊத்தப்பம் விற்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் ஊத்தப்பத்துக்கு 45 கிராம் வெங்காயம் என்று கம்ப்யூட்டரில் இருக்கிறது. 200 ஊத்தப்பத்துக்கு 9 கிலோ.

காலையில் வாங்கியது 10 கிலோ. இரவில் 1 கிலோ மீதி இருக்க வேண்டும் என்கிறது கம்ப்யூட்டர். சரக்கு அறையில் போய்ப் பார்த்தால், ஒரு வெங்காயம் கூட இல்லை!

நாளைக்கு 1 கிலோ என்றால், மாதத்துக்கு 30 கிலோ. எங்கே போயிற்று? முதலாளியின் பார்வை, சரக்கு அறைச் சாவி வைத்திருப்பவர் மீது விழுகிறது. அடுத்து, சரக்கு மாஸ்டர் மீது. பல ஆண்டுகள் உழைத்தவர், ஒரே நாளில் திருடர் ஆகி விடுகிறார்.

திருடியது யார்?

உண்மையில் யாரும் திருடவில்லை. அந்த 1 கிலோவும் குப்பைக் கூடையில் இருக்கிறது!

தோலை உரித்து, காம்பையும் வேரையும் நறுக்கி எறிந்த பிறகு, 10 கிலோ வெங்காயம் ஏறக்குறைய 9 கிலோதான் தேறும். மாஸ்டர் போடும் 45 கிராம், உரித்த வெங்காயம். கடையில் வாங்குவதோ தோலோடு கூடிய வெங்காயம். இந்த வித்தியாசத்தைக் கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

உரித்த வெங்காயம் 45 கிராம் வேண்டுமானால், தோலோடு 50 கிராம் எடுக்க வேண்டும். செய்முறையில் அப்படித் திருத்தினால், 200 ஊத்தப்பத்துக்கு 10 கிலோ. கணக்கு சரியாகி விடும்.

எண்ணெயிலும் இதே தொல்லை உண்டு. டின்னில் 15 லிட்டர் என்று போட்டு இருந்தால், அது 15 கிலோ அல்ல. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான். 15 லிட்டர் என்பது 13 கிலோ 650 கிராம். அதை 15 கிலோ என்று பதிந்து விட்டால், டின்னைத் திறப்பதற்கு முன்பே 1 கிலோ 350 கிராம் “திருட்டு”!

மாவுக்குத் தனிக் கணக்கு

தோசைக்கும் ஊத்தப்பத்துக்கும் மாவு ஒன்றுதான். அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு என்று அந்த மாவுக்குத் தனியாக ஒரு செய்முறை எழுதி வைப்பார்கள். தோசை, ஊத்தப்பம் இரண்டிலும் “மாவு இத்தனை கிராம்” என்று சேர்த்தால் போதும். அரிசி விலையை ஓரிடத்தில் மாற்றினால், இரண்டு பலகாரத்தின் அடக்க விலையும் மாறி விடும்.

விலை ஏறும்போதுதான் இதன் அருமை தெரியும். 2019-ம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. கிலோ 30 ரூபாய் என்றால், ஓர் ஊத்தப்பத்துக்கு வெங்காயச் செலவு ஒன்றரை ரூபாய். 100 ரூபாய் என்றால், 5 ரூபாய்!

தராசு எங்கே?

செய்முறை சரியாக இருந்தும் சரக்கு குறைகிறதா? அப்போது விசாரிக்க வேண்டியதுதான். அழுகியது எவ்வளவு, பணியாளர் சாப்பாட்டுக்குப் போனது எவ்வளவு, கை தாராளமாகப் போட்டது எவ்வளவு என்று முதலில் பார்க்க வேண்டும். திருட்டு என்பது கடைசிக் கேள்வி.

கம்ப்யூட்டருக்குச் செய்முறை எழுதுகிறவர், கல்லாவில் உட்கார்ந்துகொண்டு எழுதக் கூடாது. தராசோடு சமையல் கட்டுக்குப் போக வேண்டும். உரிப்பதற்கு முன் ஓர் எடை, உரித்த பின் ஓர் எடை. பக்கத்தில் மாஸ்டரும் இருக்க வேண்டும்.

கொஞ்ச நேர வேலைதான். ஆனால், ஒரு நல்ல மனிதரின் பெயரை அது காப்பாற்றும்.