கண் காணாக் கதிருக்கு ஒரு வழிகாட்டி

லேசர் வெட்டும் யந்திரங்கள் பலவற்றின் கதிர் கண்ணுக்குப் புலனாகாது. பாராமதியிற் பிறந்த குமார் படேல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1964-இல் உருவாக்கிய கரியமில வாயு லேசர் அது. கதிர் மூன்று கண்ணாடிகளிற் பட்டுத் திரும்பி வில்லையை அடைகிறது. ஒன்று சாய்ந்தாலும் வெட்டுக் கோணும். பலகையும் கூலியும் வீணாகும்.

ஈஜிபுராவில் சிறு பட்டறை வைத்திருக்கும் நம்மவர் இதற்குரிய கருவியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். வெட்டுத் தலையின் நுழைவாயிலுக்குப் பொருந்தும் மரவட்டு ஒன்றில், மையத்தைக் காட்டும் குறுக்குக்கோடுகள் கீறிக் காகித நாடா ஒட்டுக. முதற்கண்ணாடியைச் செம்மை செய்தபின், தலையை அருகிலும் தொலைவிலும் நிறுத்தி, மூடியை மூடிக் குறைந்த ஆற்றலில் ஒருகணம் கதிர் பாய்ச்சுக. இரு தழும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று வீழுமட்டும் இரண்டாம் கண்ணாடியின் திருகுகளைத் திருத்துக. திருகும்போது கதிர் அணைந்திருத்தல் வேண்டும். பலகை போனால் வாங்கலாம். பார்வை போனால் வாங்க இயலுமோ?