படிப்புக்குப் பின் வேலை: அயல்நாட்டு விதிகள்

'பெர்மிட்' என்னும் சொல் நம் தோட்டப்புறத்துக்குப் புதிதன்று. குடியுரிமை இல்லாதவர் இந்நாட்டில் ஊதியத்துக்கு உழைப்பதாயின் அரசாங்கத்தின் அனுமதிச் சீட்டைப் பெற்றிருத்தல் வேண்டும் என்று 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் விதித்தது. 1969-க்குப் பின் அச்சட்டம் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் பலர் ஆண்டாண்டுக் காலமாகப் பால் வெட்டிய மரங்களை விட்டுப் பெட்டி கட்டிக் கப்பலேறினர். ஒரு நாட்டில் இருப்பதற்குரிய உரிமை வேறு, அந்நாட்டில் உழைத்துப் பிழைப்பதற்குரிய உரிமை வேறு என்பதை அந்தத் தலைமுறை பட்டு அறிந்தது.

அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று மேற்படிப்புக்காகச் சிங்கப்பூருக்கும் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் செல்கின்றனர். நீலநிற மைகார்டு வைத்திருக்கும் இப்பிள்ளைகள் இங்கே குடிமக்கள், அங்கே அயலார். தெமியாங் வட்டாரத்துப் பெற்றோர் என்னிடம் கேட்பனவெல்லாம் பல்கலைக்கழகம் நல்லதா, கட்டணம் எவ்வளவு, தங்குமிடம் கிடைக்குமா என்பனவே. படித்து முடித்த மறுநாள் பிள்ளை அங்கே வேலை செய்யலாமா என்று கேட்பவர் அரியர். ஆயினும் குடும்பத்தின் கணக்கு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. சேமநிதியிலிருந்து கல்விக்கென்று பணம் எடுக்கப்படுகிறது. தாமானில் வாங்கிய சிறு வீடு அடகுக்குப் போகிறது. 'இரண்டு வருஷம் அங்கேயே சம்பாதித்தால் கடன் அடைந்துவிடும்' என்பது துணிவு. அந்த இரண்டு வருஷத்தை யார் கொடுப்பது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாணவர் விசா என்பது படிப்பதற்கு மட்டும் தரப்படும் அனுமதி. கல்விக் காலத்தில் பகுதிநேர வேலைக்குச் சிறிது இடமிருக்கலாம். படிப்பு முடிந்ததும் அதுவும் முடிந்தது. மேற்கொண்டு தங்கி வேலை பார்க்க வேறோர் அனுமதி வேண்டும். பல்கலைக்கழகம் அனுப்பும் சேர்க்கைக் கடிதம் எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும் அது இந்த அனுமதியை வழங்குவதில்லை. வழங்குவது அந்நாட்டு அரசாங்கம். அதுவும் தன் நாட்டில் எந்தத் தொழிலுக்கு ஆள் குறைவு, தேர்தலில் குடிநுழைவு பற்றி மக்கள் என்ன முணுமுணுக்கின்றனர் என்பவற்றைப் பார்த்தே வழங்குகிறது. இதில் குறைகூற நமக்கு இடமில்லை. நம் நாடும் அவ்வாறே செய்கிறது. நீலாயில் பயிலும் அயல்நாட்டு மாணவர் ஒருவர், ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையில், குறிப்பிட்ட சில வகை இடங்களில், வாரத்துக்கு 20 மணி நேரம் வரையில்தான் வேலை செய்யலாம். அதற்கும் குடிநுழைவுத் துறையின் இசைவு வேண்டும். படித்து முடித்தவர் ஓராண்டு வரை தங்கியிருக்க 2023-ஆம் ஆண்டின் இறுதியில் பட்டதாரி பாஸ் என்று ஒன்று ஏற்படுத்தப்பட்டபோது, அதுவும் குறிப்பிட்ட சில நாட்டவருக்கு மட்டுமே உரியதாயிற்று.

இவ்விதிகள் எவ்வளவு விரைவில் மாறும் என்பதற்குப் பிரிட்டனே தக்க சான்று. 2008-இல் அங்கே பட்டதாரிகள் இரண்டாண்டு தங்கி, முதலாளியின் பரிந்துரை இன்றியே, வேலை தேடவும் செய்யவும் வழி திறக்கப்பட்டது. 2012 ஏப்ரல் 6-ஆம் நாள் அவ்வழி அடைக்கப்பட்டது. 2010-இல் மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்த மாணவனை எண்ணிப் பாருங்கள். அவன் கப்பம் கட்டுவதுபோல் கட்டணம் கட்டிப் பட்டம் பெற்றபோது, நம்பி வந்த கதவு மூடிக் கிடந்தது. பிறகு 2021 ஜூலை 1-ஆம் நாள் மீண்டும் திறந்தனர்: பட்டதாரிகளுக்கு இரண்டாண்டு, முனைவர் பட்டம் பெற்றோர்க்கு மூன்றாண்டு. இப்பொழுது மறுபடியும் குறைப்பு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போரில் முனைவர் அல்லாதார்க்குப் பதினெட்டு மாதமே உண்டு. 2025 செப்டம்பரில் மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்தவர்க்கும், சேர்ந்த நாளில் இருந்த விதி பொருந்தாது. விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதியே பொருந்தும். மேற்சொன்ன இரண்டு வருஷக் கணக்கில் ஆறு மாதச் சம்பளம் இப்படிக் கழிந்துபோகிறது.

நம் நாட்டவர் தனியே அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1996-ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்வி நிலையச் சட்டத்துக்குப் பின் இங்குள்ள தனியார் கல்லூரிகள் பல, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து பட்டப்படிப்புகளை நடத்துகின்றன. மூன்றாண்டும் இங்கேயே படித்து வெளிநாட்டுப் பட்டம் பெறுவதை '3+0' என்கின்றனர். இரண்டாண்டு இங்கும் இறுதியாண்டு அங்கும் படிப்பதை '2+1' என்கின்றனர். செலவு குறைவு, ஆகவே தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஏற்ற வழி என்று நானும் பலருக்குச் சொல்வதுண்டு. ஆயின் பட்டம் பிரிட்டிஷ் பட்டமாக இருப்பதனால் மட்டும் பிரிட்டனில் வேலை செய்யும் அனுமதி வந்துவிடாது. அந்நாட்டு மண்ணில் மாணவர் விசாவோடு படித்த காலத்தையே அவர்கள் எண்ணுகின்றனர். '3+0' படித்தவர்க்கு அந்தக் கணக்கில் ஒன்றும் இல்லை. ஆஸ்திரேலியாவோ இன்னும் கண்டிப்பு. பட்டதாரி விசாவுக்கு அங்கே குறைந்தது இரண்டு கல்வியாண்டுப் படிப்பை அந்நாட்டிலேயே முடித்திருக்க வேண்டும். இறுதியாண்டுக்கு மட்டும் மெல்பர்னுக்குப் போகிறவர், அங்கே மூன்றாண்டு படித்தவரின் கையில் உள்ள அதே பட்டத்தைப் பெறுவார். அவருக்குள்ள வேலை அனுமதியைப் பெறமாட்டார்.

ஆஸ்திரேலியாவைப் பற்றி ஆசிரியர்களுக்கென்றே ஒரு குறிப்பு. பல்லாண்டு பணியாற்றிவிட்டு, சம்பளமில்லா விடுப்பில் முதுகலை படிக்கச் செல்ல எண்ணும் ஆசிரியர்கள் நம்மிடையே உண்டு. முன்பு இந்த விசாவுக்கு வயது வரம்பு 50 ஆக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது 35 ஆயிற்று. ஆராய்ச்சிவழி முதுகலையும் முனைவர் பட்டமும் பெறுவோர்க்கு மட்டும் பழைய வரம்பு நீடிக்கிறது. வகுப்பில் அமர்ந்து படிக்கும் முதுகலையை 38 வயதில் முடிப்பவர் பட்டத்தோடு திரும்ப வேண்டியதுதான்.

அமெரிக்க முறை தனிப்போக்கு உடையது. அங்கே படிப்புக்குப் பின்னும் மாணவர் விசாவின் கீழேயே 'நடைமுறைப் பயிற்சி' என்ற பெயரில் பன்னிரண்டு மாதம் வேலை செய்யலாம். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகியவற்றில் பட்டம் பெற்றோர்க்கு 2008-இல் பதினேழு மாதம் கூட்டிக் கொடுத்தனர். 2016-இல் அக்கூடுதலை இருபத்து நான்கு மாதமாக உயர்த்தினர். வேலை படித்த துறையைச் சார்ந்ததாக இருத்தல் வேண்டும். முதல் பன்னிரண்டு மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையின்றி இருந்தால் அனுமதி போய்விடும். இம்முறை காங்கிரஸ் மன்றம் இயற்றிய தனிச் சட்டத்தால் வந்ததன்று. துறை விதியால் வந்தது. அதனால்தான் அதை எதிர்த்து நெடுங்காலம் வழக்கு நடந்தது. 2022-இல் மேல்முறையீட்டு மன்றம் விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2023-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. விதியால் வந்ததை விதியால் மாற்றலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இனி, நமக்கு மிக அருகில் உள்ள சிங்கப்பூர். ஏனைய நாடுகளில் 'வேலை செய்ய விடுவார்களா' என்பது கேள்வி; இங்கே வேலை செய்தே ஆக வேண்டும் என்பது நிபந்தனை. 1980 முதல் அந்நாட்டு அரசாங்கம் பல்கலைக்கழகக் கட்டணத்தில் ஒரு பெரும் பகுதியைத் தானே ஏற்கும் உதவித் திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. அதைப் பெறும் அயல்நாட்டு மாணவர், பட்டம் பெற்றபின் மூன்றாண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும். மருத்துவம், பல் மருத்துவம் பயில்வோர்க்கு ஆண்டுகள் இன்னும் கூடும்.

இத்தகைய ஒப்பந்தம் ஆசிரியர் குலத்துக்குப் பழக்கமானதே. 1950-களில் லிவர்பூலுக்கு அருகே கெர்க்பி மலாயா ஆசிரியர் கல்லூரிக்கு அனுப்பப்பட்டவர்கள், பயிற்சி முடிந்ததும் தாயகம் திரும்பிக் கற்பிக்கவே அனுப்பப்பட்டனர். அங்கேயே தங்கி வேலை பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. (சுதந்திர நாளைத் துங்கு அவர்கள் அறிவித்ததும் அக்கல்லூரியில்தான், 1956 பிப்ரவரி 7-ஆம் நாள்.) கெர்க்பி ஒப்பந்தம் மாணவரைத் தாய்நாட்டுக்கு இழுத்தது, சிங்கப்பூர் ஒப்பந்தம் தாய்நாட்டிலிருந்து இழுக்கிறது.

ஒப்பந்தத்தில் பிணையாளிகளும் கையெழுத்திட வேண்டும். எங்கள் பள்ளியில் படித்த ஒரு மாணவனின் தந்தை அந்தப் பத்திரத்தோடு என்னிடம் வந்து, "ஐயா, ஒரு கையெழுத்து மட்டுந்தானே?" என்றார். அவரோடு உட்கார்ந்து, முழுவதையும் தமிழில் விளக்க ஒரு மாலை நேரம் ஆயிற்று. மாணவன் ஒப்பந்தத்தை முறித்தால் அரசாங்கம் தந்த தொகையை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். அவன் கட்டாவிடில் அந்தப் பொறுப்பு பிணையாளியின் தலையில் விழும். 'கையெழுத்து மட்டும்' என்பது எவ்வளவு பெரிய 'மட்டும்' என்று அப்பொழுதுதான் அவருக்கு விளங்கிற்று. அவர் பின்வாங்கவில்லை, மகனையும் வரவழைத்து அவன் காதிலும் அதைப் போடச் சொன்னார். அதுவே முறை என்பேன்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. மூன்றாண்டு உழைக்கக் கடமைப்பட்டவர்க்கும் வேலை பாஸ் தானாகக் கிடைப்பதில்லை. வேலைக்கு எடுக்கும் நிறுவனம் தனியே விண்ணப்பிக்க வேண்டும். பட்டதாரிகள் பெரிதும் நாடும் 'எம்பிளாய்மெண்ட் பாஸ்' பெறுவதற்குரிய குறைந்த மாதச் சம்பளம் 2025 ஜனவரியில் 5,600 சிங்கப்பூர் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. 2023 செப்டம்பர் முதல் புள்ளி முறையும் சேர்ந்திருக்கிறது. வேலை தேடுவதற்குப் பட்டதாரிகள் ஓராண்டு வரை தங்கியிருக்க வழி உண்டு. அதற்குள் நிறுவனம் கிடைக்காமல் தவிப்போர், ஓடி ஒளியாமல், ஒப்பந்தம் செய்துகொண்ட தரப்புக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது.

கடைசியாகத் தவணைகள். நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளைகளும் தவறவிடுவது இங்கேதான். அமெரிக்காவில் படிப்பு முடியும் நாளுக்கு 90 நாள் முன்னிருந்து 60 நாள் பின்வரையுள்ள காலத்துக்குள் விண்ணப்பம் சேர வேண்டும். ஆஸ்திரேலியாவில் படிப்பு முடிந்த ஆறு மாதத்துக்குள். பிரிட்டனில், பல்கலைக்கழகம் தேர்ச்சியை உள்துறைக்குத் தெரிவித்த பின், மாணவர் விசா காலாவதியாகுமுன், அந்நாட்டுக்குள் இருந்துகொண்டே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு முடிந்த மகிழ்ச்சியில் சாமான்களைக் கட்டிக்கொண்டு தீபாவளிக்கு ஊர் வந்துவிட்டு, விசா முடிந்தபின் சிரம்பானிலிருந்து விண்ணப்பிக்க வழியில்லை. விமானச் சீட்டு எடுக்குமுன் விசாவில் உள்ள தேதியைப் பார்க்கச் சொல்லி வீட்டிலிருந்தே ஒரு சொல் போகட்டும்.