நிரை முதல் திருக்கூட்டம் வரை

மாம்புரி அமைந்துள்ள புத்தளக் கரையில் பெருந்திரள்களுக்குக் குறைவில்லை. கற்பிட்டிக் கடலில் ஓங்கில்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு செல்லும். உடப்புத் திரௌபதையம்மன் தீமிதிக்கும் தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கும் அடியார் திரள்வர். இவ்விருவகைத் திரளையும் குறிக்கும் சொற்களிடையே உள்ள உறவு ஆராயத்தக்கது.

சங்க நூல்களில் ‘நிரை’ என்பது பசுக்கூட்டம். ‘ஆயம்’ என்பதோ பசுக்கூட்டத்தையும் தலைவியின் தோழியர் கூட்டத்தையும் குறிக்கும். வடமொழியில் ‘கோஷ்டம்’ பசுக்கள் நிற்குமிடம். அதனின்று பிறந்த ‘கோஷ்டி’ மக்கள் அவையைக் குறிக்கலாயிற்று. திருக்குறளின் கல்லாமை அதிகாரத்தில் வரும் ‘கோட்டி’ அதன் திரிபென்பர். அங்கு அது கற்றோர் அவை. வைணவ ஆலயங்களில் பாசுரம் ஓதுவோர் குழுவும் கோஷ்டியே. இலத்தீனில் மந்தையைக் குறிக்கும் ‘கிரெக்ஸ்’ என்பதே ஆங்கிலக் ‘காங்கிரிகேஷ’னுக்கு அடி. ஈழத்துக் கத்தோலிக்கர் தம் மேற்றிராணியாரை ‘ஆயர்’ என்பதிலும் மேய்ப்போன் என்னும் கருத்தே அமைந்துள்ளது.

எனினும் ஒலியொப்புமை ஒன்றே கொண்டு, மாட்டுக்கொட்டிலாகிய ‘தொழு’வையும் வழிபாடாகிய ‘தொழுகை’யையும் ஒரு வேரின எனத் துணிதல் தகாது. பொருளியைபும் வழக்காற்றுச் சான்றும் வேண்டும்.

இன்று ‘மந்தை’ சிந்தனையற்றோரைப் பழிக்கும் சொல்லாயிற்று. அயல் சமயத்தார் கூடுவதைக் ‘கும்பல்’ என எழுதுவோரும் உளர். சைவ சித்தாந்தமோ எல்லா உயிர்களையும் பசு என்றும், இறைவனைப் பதி என்றும் கூறும். அங்கே அச்சொல்லில் இழிவில்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார், பெரியபுராணத்தில் ‘திருக்கூட்டச் சிறப்பு’ எனத் தனிப்பகுதியே அமைத்தார். 63 தனியடியாரோடு 9 தொகையடியாரையும் போற்றினார். கூட்டமாகவே வணங்கப்படும் பெருமை அவர்க்குண்டு. பல சமயத்தார் அயலவராய் வாழும் இக்கரையில், பிறர் வழிபாட்டைக் குறிக்குமிடத்தும் ‘அடியார் கூட்டம்’ என எழுதுதலே நம் மாணவர்க்கு முறையாகும்.