ரப்பர் அச்சில் வெள்ளை உலோக நகைகள்: சாதனங்களும் சரக்குகளும்

உருகிய உலோகத்தை ரப்பரில் வார்க்கலாம் என்று கேள்விப்படுவோருக்கு முதலில் வியப்பே தோன்றும். செம்பு உருகுவதற்கு 1085 பாகை செண்டிகிரேடு உஷ்ணம் வேண்டும். ரப்பரோ அதில் கால் பங்கு உஷ்ணத்தில் நீடித்து நின்றாலே கருகத் தொடங்கிவிடும். ஆயினும் மலிவான காதணிகள், பதக்கங்கள், புரூச்சுகள், வளையற் பூட்டுகள், அலங்காரப் பொத்தான்கள் முதலியவற்றில் ஏராளமானவை இன்று ரப்பர் அச்சிலேயே வார்க்கப்படுகின்றன. அமெரிக்காவில் ரோட் ஐலண்டு மாநிலத்துப் பிராவிடென்ஸ் நகரம் இருபதாம் நூற்றாண்டில் அலங்கார நகைத் தொழிலுக்குப் பெயர் பெற்று விளங்கியது. அங்குள்ள பட்டறைகளில் இம்முறை பரவலாகக் கையாளப்பட்டது.

பஸ்தார்ப் பகுதியின் டோக்ரா வார்ப்பில் மெழுகு உருவத்தின்மீது களிமண் பூசிச் சுடுகின்றனர். மெழுகு ஒழுகிய இடத்தில் உலோகத்தை ஊற்றி, பின்னர் அம்மண் அச்சை உடைத்துப் பொருளை எடுக்கின்றனர். ஒரு பொருளுக்கு ஓர் அச்சு என்பது அதன் இலக்கணம். ரப்பர் அச்சு அவ்வாறு அழிவதில்லை. அதை விரித்துப் பொருளை எடுத்ததும் மீண்டும் மூடி வார்க்கலாம். நன்கு பேணினால் ஓர் அச்சில் நூற்றுக்கணக்கான வார்ப்புகளை எடுக்க முடியும். ஒவ்வொரு வார்ப்பிலும் பல உருப்படிகள் கிடைக்கும். சிறு முதலீட்டுடன் தொடங்குவோரை இத்தொழில் ஈர்ப்பதற்கு இதுவே காரணம்.

இது இயல்வது வெள்ளீயத்தின் ஒரு குணத்தினாலேயாகும். அது 232 பாகையில் உருகிவிடும். நகையில் சேரும் உலோகமும் சில கிராம்களே. ஆதலால் ரப்பரின்மேல் விழும் உஷ்ணம் சிறிது. அதுவும் சில விநாடிகளுக்கே. ரப்பர் உஷ்ணத்தை எளிதிற் கடத்தாது என்பது இங்கு ஒரு நன்மையாக அமைகிறது. உலோகச் சுவர்களுள்ள அச்சில் மெல்லிய பூவிதழ் போன்ற வேலைப்பாடுகள் நிறைவதற்கு முன்பே உலோகம் உறைந்துவிடக்கூடும். ரப்பர் அச்சிலோ அது நுண்ணிய மூலைகளிலும் பாய்ந்து சேர்வதற்கு அவகாசம் கிடைக்கிறது. ஆனால் இதே குணத்தினால் அச்சினுள் உஷ்ணம் தேங்கவும் செய்யும். ஓர் அச்சை ஓயாது பயன்படுத்தாமல், மூன்று நான்கு அச்சுகளை மாற்றி மாற்றி வார்ப்பது அனுபவமுள்ளோர் வழக்கம்.

அச்சும் அதன் தயாரிப்பும்

ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியடைந்து, உஷ்ணத்தில் பிசுபிசுக்காத பொருளாக மாறுகிறது என்பதைச் சார்ல்ஸ் குட்இயர் 1839-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். 1844-இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். வல்கனைஸ் செய்தல் எனப்படும் அம்முறையே அச்சு தயாரிப்பிற்கு அடிப்படை. இதற்கான ரப்பர், இன்னும் வல்கனைஸ் செய்யப்படாத, கையால் அழுத்தினால் குழியும் வட்டத் தட்டுகளாக விற்கப்படுகிறது. ஒன்பது அங்குலம், பன்னிரண்டு அங்குலம் விட்டமுள்ள தட்டுகள் வழக்கமானவை.

ஓர் எஃகு வளையத்தினுள் கீழ்த்தட்டை வைத்து, அதன்மேல் மாதிரி உருவங்களை வட்டமாக, எடை எப்பக்கமும் சமமாக இருக்குமாறு அடுக்க வேண்டும். வட்டத்தின் ஓரத்திலிருந்து இரண்டு செண்டிமீட்டராவது இடம் விடுதல் நலம். இல்லையேல் சுழலும்போது உலோகம் ஓரத்தைப் பிளந்துகொண்டு வெளிவரும். இரு தட்டுகளும் பின்னர் இடம் பிறழாது பொருந்துவதற்காக, குமிழ்த் தலையுள்ள சிறு திருகு நட்டுகளை இடையிடையே பதிப்பர். தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க மாக்கல் பொடியைத் தூவி, மேல்தட்டை வைத்து மூடி, சூடேற்றிய அழுத்து யந்திரத்தில் வைக்க வேண்டும். 150 பாகையை ஒட்டிய உஷ்ணத்தில் ரப்பர் முதலில் இளகி மாதிரியைச் சூழ்ந்து பாயும். அச்சின் கனத்திற்கேற்ப ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அது உறுதிப்பட்டு நிற்கும்.

மாதிரி இந்த உஷ்ணத்தையும் அழுத்தத்தையும் தாங்கியாக வேண்டும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுவதுண்டு. மெழுகும் பெரும்பாலான பிளாஸ்டிக்குகளும் இதற்கு உதவா. பித்தளையில் செய்த மாதிரியே சிறந்தது. ரப்பரும் உலோகமும் குளிர்கையில் சுருங்குவதால், முடிந்த நகை எந்த அளவில் வேண்டுமோ அதைவிட மாதிரி சற்றே பெரிதாக இருக்க வேண்டும். மெழுகு மாதிரிதான் கையிலிருக்கிறது என்றால், அறையின் உஷ்ணத்திலேயே உறையும் சிலிக்கோன் ரப்பரில் அச்செடுத்து, அதிலிருந்து ஓர் உலோக மாதிரி வார்த்துக்கொள்ளலாம். சிலிக்கோன் ரப்பர் விலை மிகுந்தது. இருப்பினும் இயற்கை ரப்பரைவிட அதிக உஷ்ணத்தைத் தாங்குவதால், 400 பாகையை ஒட்டி உருகும் துத்தநாகக் கலவைகளை வார்ப்போர் அதனையே நாட வேண்டியுள்ளது.

அச்சு ஆறியபின் மாதிரிகளை எடுத்துவிட்டு, கூரிய சிறு கத்தியால் நடுக்குழியிலிருந்து ஒவ்வொரு உருவத்திற்கும் வாய்க்கால் வெட்ட வேண்டும். அதைவிட முக்கியமானது, உருவங்களின் கடைக்கோடியிலிருந்து காற்று வெளியேறுவதற்கு மயிரிழை போன்ற போக்குகள் வெட்டுவதாகும். உலோகம் நிறையாமல் பாதி இதழுடன் நகை வந்தால், உலோகத்தின் சூடு போதவில்லை என்று கருதி நெருப்பைக் கூட்டுவோரே பலர். பெரும்பாலும் குறை சூட்டிலன்று, அடைபட்ட காற்றிலே இருக்கிறது. சூட்டைக் கூட்டினால் அச்சு விரைவில் கருகும், குறையும் தீராது.

சுழல் யந்திரமும் உருக்குக் கலமும்

மூடிய அச்சை இரு தட்டங்களுக்கிடையே இறுக்கிப் பிடித்துச் சுழற்றுவதே வார்ப்பு யந்திரத்தின் வேலை. சுழல்கையில் நடுக்குழியில் ஊற்றப்படும் உலோகம் மையவிலக்கு விசையினால் வெளிநோக்கித் தள்ளப்பட்டு உருவங்களை நிரப்புகிறது. இவ்விசை எத்துணை வலியது என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். நிமிடத்திற்கு 500 சுற்று சுழலும் அச்சில், மையத்திலிருந்து 10 செண்டிமீட்டர் தொலைவிலுள்ள உலோகத்தின்மீது புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு விசை செயற்படுகிறது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் விசை பாதியாவதில்லை; கால் பங்காக, அதாவது 7 மடங்காகக் குறைந்துவிடும். ஆகவே வேகத்தைச் சிறிது சிறிதாக மாற்றக்கூடிய யந்திரமே வாங்கத்தக்கது. மெல்லிய வேலைப்பாடுகளுக்கு மிகுந்த வேகமும், கனமான உருப்படிகளுக்குக் குறைந்த வேகமும் ஏற்றவை. வேகத்திற்கேற்ப அச்சை இறுக்கும் அழுத்தத்தையும் மாற்ற வேண்டும். இறுக்கம் குறைந்தால் நகையைச் சுற்றி மெல்லிய செதிள் படரும். மிகுந்தால் ரப்பர் நசுங்கி உருவம் திரியும். யந்திரத்தின் மூடி, சுழற்சி முற்றும் நிற்கும்வரை திறக்க முடியாததாக இருத்தல் இன்றியமையாதது.

உலோகத்தை உருக்குவதற்கு இரும்பு அல்லது எஃகுக் கலம் போதும்; மின்சாரத்தாலோ வாயுவாலோ சூடேற்றலாம். கலத்தின் உஷ்ணத்தை அளந்து தானே கட்டுப்படுத்தும் கருவிக்குப் பணம் செலவிடத் தயங்குவோர் உண்டு. பட்டறையில் எதை மலிவாக வாங்கினாலும் இதை மலிவாக வாங்கலாகாது. 92 பங்கு வெள்ளீயமும், 6 பங்கு ஆண்டிமனியும், 2 பங்கு செம்பும் சேர்ந்த பிரிட்டானியா உலோகம் ஏறத்தாழ 295 பாகைக்கு மேல் முழுத் திரவமாக இருந்து, 244 பாகையை ஒட்டி முழுதும் உறைகிறது. இயற்கை ரப்பர் தாங்கும் எல்லை இதற்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. வேலை நடப்பதெல்லாம் இக்குறுகிய இடைவெளியில்தான். கண்ணால் பார்த்து மதிப்பிடுவது இங்கு பயன்தராது. இந்த உஷ்ணத்தில் உலோகம் சிவப்பதில்லை. குளிர்ந்த பாதரசம் போலவே தோன்றும். அத்தோற்றத்தை நம்பிக் கை வைத்துச் சுட்டுக்கொண்டவர்கள் பலர்.

கரண்டியும், கலத்திலிடும் உலோகக் கட்டியும் முற்றும் உலர்ந்திருக்க வேண்டும். ஒரு துளி ஈரம் உலோகத்தின் அடியிற் சிக்கினால், நொடியில் நீராவியாகிக் கலத்திலுள்ள உலோகத்தை முகத்தில் வாரியடிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி, முகமறைப்பு, தோற் கையுறை, பருத்தி உடை, மூடிய காலணி ஆகியவை யந்திரத்தோடு சேர்த்து வாங்க வேண்டியவை.

கலத்தில் இடுவது எது?

மேற்கூறிய சாதனங்கள் யாவும் எவ்வுலோகத்திற்கும் பொதுவானவை. தொழிலின் நன்மை தீமைகளை நிர்ணயிப்பது கலத்தில் இடும் சரக்கே. இந்தியாவில் வெள்ளீயத் தாது சத்தீஸ்கரின் பஸ்தார், தந்தேவாடாப் பகுதிகளில் கிடைப்பினும், தேவையில் பெரும் பகுதி வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. காரீயம் அதைவிடப் பல மடங்கு மலிவு. மலிவு மட்டுமன்று. வெள்ளீயம் 62 பங்கும் காரீயம் 38 பங்கும் சேர்ந்த கலவை 183 பாகையிலேயே உருகி, நீர் போல் ஓடி, அச்சையும் நெடுநாள் காக்கிறது. வார்ப்பவனுக்கு இதைவிட இணக்கமான உலோகம் இல்லை எனலாம். ஆகவே பல்லாண்டுகளாக மலிவு நகைகளில் காரீயம் தாராளமாகக் கலக்கப்பட்டு வந்தது.

2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன், காலணியுடன் இலவசமாக வழங்கப்பட்ட இதய வடிவப் பதக்கம் ஒன்றை விழுங்கிவிட்டான். அப்பதக்கத்தில் 99 விழுக்காடு காரீயம் இருந்தது. இரைப்பையின் அமிலத்தில் அது கரைந்து, சில நாட்களில் அச்சிறுவன் மாண்டான். பளபளப்பான பூச்சு அவனைக் காக்கவில்லை. பூச்சு என்பது சில மைக்ரான் கனமே உடையது. தேய்வும் அமிலமும் அதை எளிதில் கடந்துவிடும். 2008-இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டத்தின்படி குழந்தைகளுக்கான பொருள்களில் காரீயத்தின் வரம்பு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2011-இல் பத்து லட்சத்தில் 100 பங்கு என நிர்ணயிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் நகைகளில் காரீயத்தை 0.05 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது என 2013 முதல் விதித்துள்ளது.

காரீயத்தைக் கைவிட்ட சிலர் காட்மியத்தை நாடினர். 2010-இல் அமெரிக்காவில் விற்கப்பட்ட குழந்தை நகைகள் சிலவற்றில் அது பெருமளவில் இருந்தது வெளியாயிற்று. காட்மியத்தின் புகை நுரையீரலைத் தாக்கும். சிறுநீரகத்தில் பல்லாண்டு தங்கும். பேயை விரட்டிப் பிசாசை அழைத்த கதையாகவே இது முடிந்தது.

அணிபவரைவிட வார்ப்பவருக்கே தீங்கு நெருக்கமானது. காரீயப் புகைக்கு அஞ்சுவோர் பலர். ஆனால் 500 பாகைக்குக் கீழே காரீயம் ஆவியாவது மிகச் சொற்பம். மெய்யான அபாயம், கலத்தின்மேல் படியும் சாம்பல் நிற ஆக்சைடுத் தூளில் உள்ளது. அதை வழித்தெடுக்கையில் பறக்கும் தூள் மூச்சுடன் உட்செல்கிறது. கைகளில் ஒட்டியது உணவுடன் சேர்கிறது. உடையில் படிந்தது வீட்டிலுள்ள குழந்தையைச் சென்றடைகிறது. எனவே கலத்தின்மேல் உறிஞ்சு விசிறியுடன் கூடிய புகைக்கூண்டும், பட்டறையை விட்டு வெளியே போகாத வேலையுடையும், கைகழுவும் தொட்டியும் சாதனப் பட்டியலில் இடம் பெற வேண்டும். துடைப்பத்தால் உலர்ந்த தரையைப் பெருக்குதல் கூடாது. ஈரத்துணியால் துடைத்தலே தகும்.

விலையைப் பற்றிய ஒரு கணக்கும் கூறத்தக்கது. உலோகம் வாங்கப்படுவது எடையில். நகை விற்கப்படுவதோ உருப்படியில். காரீயத்தின் அடர்த்தி 11.3, வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3. ஒரு கிலோ காரீயத்தில் நூறு பதக்கங்கள் வார்க்க முடியுமானால், ஒரு கிலோ வெள்ளீயத்தில் அதே பதக்கம் ஏறத்தாழ 155 கிடைக்கும். விலை வேறுபாடு இதனால் மறைந்துவிடாது. ஆனால் கிலோ விலையைப் பார்த்து மலைப்பவர் கருதும் அளவிற்கு அது பெரிதன்று. வாய்க்காலில் உறைந்த உலோகமும் பழுதான உருப்படிகளும் மீண்டும் கலத்திற்கே திரும்புவதால், வீணாவதும் மேலே படியும் ஆக்சைடு மட்டுமே.

அவ்வாறு திரும்பும் உலோகத்தில்தான் எச்சரிக்கை வேண்டும். பத்து கிலோ கலவையில் ஐந்து கிராம் காரீயம் சேர்ந்தாலே அது ஐரோப்பிய வரம்பைத் தொட்டுவிடும். அமெரிக்கக் குழந்தைப் பொருள் வரம்பிற்கு ஒரு கிராமே போதும். நாற்பது பங்கு காரீயமுள்ள பழைய பற்றாசுத் துண்டு ஒன்று, இரண்டரை கிராம் எடையில், தவறிக் கலத்தில் விழுந்தால் அந்த ஒரு கிராம் வந்துவிடுகிறது. முன்பு காரீயக் கலவை உருக்கிய கலத்தையும் கரண்டியையும் கழுவித் துடைத்துப் புதிய வேலைக்குப் பயன்படுத்துவது இக்காரணத்தால் தகாது. அவற்றைத் தனியே ஒதுக்கிப் புதியன வாங்குவதே வழி. பழைய உலோகத்தைச் சந்தையில் வாங்கி உருக்குவதும் அவ்வாறே. விற்பவர் காரீயமற்றது என்று சொல்வதை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு சரக்கிலிருந்தும் ஒரு துண்டை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பிப் பகுத்தறிக்கை பெற வேண்டும். எக்ஸ் கதிர்க் கருவியால் சில நிமிடங்களிலேயே இச்சோதனை முடிந்துவிடும். அக்கருவி மேற்பரப்பையே பெரிதும் காண்பதால், பூச்சிட்ட நகையை அனுப்புவதில் பயனில்லை. பூச்சிடுவதற்கு முன்னர், புதிதாக அரம் போட்ட துண்டையே அனுப்ப வேண்டும்.