கலவைக் கணக்கு

இயற்கணிதம் பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிட்டதென்று அங்கத்தினர்களிற் பலர் எண்ணுகின்றனர். சேத்தூர் வட்டாரத்து விவசாயிக்கும் நெசவாளருக்கும் அது நாள்தோறும் உதவக்கூடியது என்பதை இங்கு எடுத்துக்கூற விழைகிறோம்.

கலவைக் கணக்கு நம் நாட்டிற்குப் புதிதன்று. 1150-ஆம் ஆண்டில் பாஸ்கராச்சாரியார் இயற்றிய ‘லீலாவதி’யில், வெவ்வேறு மாற்றுள்ள பொன்னைச் சேர்த்து உருக்கினால் வரும் மாற்றைக் காணும் விதி உள்ளது. ஒவ்வொரு பொன்னின் எடையையும் அதன் மாற்றாற் பெருக்கி, வந்தவற்றைக் கூட்டி, மொத்த எடையால் வகுக்க வேண்டும். மாற்றை மாற்றோடு கூட்டலாகாது. கலவையுள் இருக்கும் பொருளின் அளவையே கூட்ட வேண்டும். இதுவே சூட்சுமம்.

முதலில் உரத்தைப் பார்ப்போம். யூரியாவில் தழைச்சத்து நூற்றுக்கு 46. அம்மோனியம் சல்பேட்டில் ஏறக்குறைய 21. யூரியா 20 கிலோவும் சல்பேட்டு 80 கிலோவும் கலந்தால் சத்து எவ்வளவு? இரண்டின் சராசரியான 33½ என்பார் சிலர். இரண்டும் சம எடையாயின் மட்டுமே அது பொருந்தும். யூரியா தருவது 9.2 கிலோ, சல்பேட்டு தருவது 16.8 கிலோ, ஆக 26 கிலோவே. 33½ என்று நம்பி இட்டவரின் பயிருக்கு, நூறு கிலோ கலவைக்கு 7½ கிலோ தழைச்சத்து குறைகிறது.

இனித் துணி வெளுப்பு. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, பாண்டேஜ் துணிக்குப் பேர்பெற்றது. அத்தகைய துணியை வெளுக்க, லிட்டருக்கு 2 கிராம் குளோரின் உள்ள கரைசல் 300 லிட்டர் வேண்டுமென்க. கைவசமுள்ள ஹைப்போகுளோரைட்டுத் திராவகத்தில் லிட்டருக்கு 120 கிராம் உள்ளது. தேவையான திராவகத்தைக் ‘க’ லிட்டர் என்போம். தண்ணீரில் குளோரின் இல்லையாதலால் அதன் பங்கு பூஜ்யம்.

120 × க = 2 × 300

எனவே க = 5. திராவகம் 5 லிட்டர், தண்ணீர் 295 லிட்டர். உத்தேசமாகப் 10 லிட்டர் ஊற்றி மொத்தத்தை 300 லிட்டர் ஆக்கினால் வலு இரட்டிப்பாகும். நூல் நைந்து போகும். நாட்பட்ட திராவகம் வலுக் குறையுமாதலால், அதன் வலுவைச் சோதித்தறிந்த பின்னரே கணக்கிடுதல் நலம்.

தெரியாததற்கு ஓர் எழுத்திடுக; கலப்பதற்கு முன்னுள்ள பொருளையும் பின்னுள்ள பொருளையும் சமமாக எழுதுக; விடை தானே வரும். உரத்தையோ திராவகத்தையோ கலக்குமுன் ஒரு துண்டுக் காகிதத்தில் இதனைச் செய்து பார்க்குமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.