உப்பு ஜாடியில் ஒரு மாற்றம்

இதயத்தைக் காக்க என்ன வழி என்று யாரைக் கேட்டாலும் ஒரு பட்டியல் வந்துவிடும்: தினமும் நட, புகையை விடு, எண்ணெயைக் குறை, நேரத்துக்குத் தூங்கு. எதுவும் தப்பில்லை, புகைபிடிப்பவருக்கு அதை விடுவதைவிடப் பெரிய வைத்தியம் கிடையாது. ஆனால் இவை எல்லாமே தனி ஒருவரின் மனவுறுதியை நம்பி நிற்பவை. தை பிறந்ததும் தொடங்கும் நடை பெரும்பாலும் மாசியைத் தாண்டுவதில்லை. உப்பு அப்படியல்ல. வீட்டில் உப்புப் போடுகிற கை ஒன்று, சாப்பிடுகிறவர்கள் எல்லோரும். அங்கே ஒருமுறை மாற்றினால் எழுபது வயதுத் தாத்தாவுக்கும் முப்பது வயதுப் பேரனுக்கும் சேர்த்தே மாறிவிடுகிறது. நம் வீடுகளில் இதயத்துக்காக முதலில் கைவைக்க வேண்டிய பழக்கம் உப்புதான் என்று சொல்வேன்.

உப்பிலுள்ள சோடியம் கூடினால் உடல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ரத்தக் குழாய்களின் சுவர்மீது அழுத்தம் ஏறுகிறது. அதை எதிர்த்து வருடக்கணக்கில் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் இடது கீழறைத் தசை தடித்துப்போகிறது. வயதானால் பிரஷர் வரத்தானே செய்யும் என்கிறோம். 1988-இல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வு, 32 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் சிறுநீரில் வெளியேறும் சோடியத்தை அளந்தது. அவர்களில் பிரேசிலின் யானோமாமி பழங்குடியினர் உணவில் உப்பே சேர்க்காதவர்கள். அவர்களின் சராசரி அழுத்தம் 95/61. வயது ஏறியபோது அது ஏறவில்லை. அவர்கள் பருமனற்றவர்கள், உழைப்பாளிகள். ஆகவே பெருமை முழுவதையும் உப்புக் கணக்கில் எழுதிவிட முடியாதுதான். ஆனால் 2001-இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில் 412 பேருக்கு உணவைச் சமைத்தே கொடுத்து, உப்பை மூன்று அளவுகளில் மாற்றிப் பார்த்தார்கள். உப்பு இறங்க இறங்க அழுத்தமும் இறங்கியது.

நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுமார் ஒரு டீஸ்பூன். இந்தியர்கள் சராசரியாகச் சாப்பிடுவது ஏறத்தாழ 11 கிராம். இந்த உப்பு எந்த வழியாக வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பிரிட்டனில் பெரும்பங்கு ரொட்டி, பதப்படுத்திய இறைச்சி என்று ஆலைகளிலிருந்து வருகிறது; அதனால் அங்கே ஆலைகளோடு பேசி உப்பைக் குறைக்க வைத்தார்கள். நமக்கு அது குழம்பிலும் ரசத்திலும் வருகிறது. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு என்று தட்டின் ஓரத்திலிருந்தும் வருகிறது. வடசீனக் கிராமங்களிலும் சமையலறைதான் வழி. அங்கே 600 கிராமங்களில் 20,995 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2021-இல் வெளியானது. அதில் சேர்ந்தவர்கள் முன்பே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயதைத் தாண்டிய, அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள். பாதிக் கிராமங்கள் வழக்கமான உப்பிலேயே இருந்தன. மற்றவற்றுக்கு முக்கால் பங்கு சோடியம் குளோரைடும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பு தரப்பட்டது. சோடியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றப் பொட்டாசியம் துணைசெய்கிறது. ஏறக்குறைய ஐந்தாண்டுகளில், உப்பு மாற்றியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதமும் மரணம் 12 சதவீதமும் குறைவாக இருந்தன. மருந்து மாத்திரையில் வந்திருந்தால் தலைப்புச் செய்தியாகியிருக்க வேண்டிய எண்கள் இவை.

மறுப்புகள் உண்டு. வலுவானது 2014-இல் வந்தது. 17 நாடுகளில் லட்சம் பேருக்கு மேல் பார்த்த ஓர் ஆய்வு, உப்பு மிகக் குறைந்தாலும் ஆபத்து என்றது. அதன் கணக்கில் நம் 11 கிராம் பாதுகாப்பான எல்லைக்குள்ளேயே வருகிறது! ஆனால் அது ஒரு காலைச் சிறுநீர் மாதிரியைக் கொண்டு முழுநாள் உப்பையும் மதிப்பிட்டது. உப்பு நாளுக்கு நாள் மாறுகிறது. நோயாளிகள் குறைவாகச் சாப்பிடுவதும் கணக்கைக் குழப்பும். 24 மணிநேரச் சிறுநீரைப் பலமுறை சேகரித்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது (2022), நாளொன்றுக்குக் கூடும் ஒவ்வொரு ஆயிரம் மில்லிகிராம் சோடியத்துக்கும் இதயநோய், பக்கவாத அபாயம் 18 சதவீதம் ஏறியது. வியர்க்கும் நாட்டில் உப்பு குறையலாமா என்பது இன்னொரு கேள்வி. வெயிலுக்குப் பழகிய உடல் வியர்வையில் உப்பைச் சிக்கனமாகவே விடுகிறது. யானோமாமிகள் வாழ்வதும் அமேசான் புழுக்கத்தில்தான். நாள் முழுக்க வெயிலில் மண் சுமப்பவரின் தேவை வேறு. நம்மில் பெரும்பாலோர் அந்த வேலை செய்வதில்லை. இந்துப்புக்கு மாறினால் போதாதா என்றும் கேட்பார்கள். அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், விலை மட்டும் கூடுதல்.

தட்டிக்கழிக்கக் கூடாத மறுப்பு சிறுநீரகம் பற்றியது. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும், பொட்டாசியத்தைத் தேக்கும் சில பிரஷர் மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். சீனச் சோதனையில் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. நம் ஊரில் நீரிழிவால் சிறுநீரகம் கெட்டும் அது தெரியாமலே இருப்பவர்கள் உண்டு. ஆகவே உப்பை மாற்றுமுன் கிரியேட்டினின், பொட்டாசியம் இரண்டையும் பரிசோதித்து மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. மாற்று உப்பு ஒத்துவராதவர்களுக்கும் சாதா உப்பைக் குறைத்துப் போட எந்தத் தடையும் இல்லை. முதல் வாரம் சப்பென்று இருக்கும். சில வாரங்களில் நாக்கு பழகி, பழைய அளவே கரிக்கத் தொடங்கும்.

மிஞ்சுவது விலை. தமிழ்நாடு உப்புக் கழகம் 2014-இல் அம்மா உப்பைக் கொண்டுவந்தபோது, சுத்திகரித்த அயோடின் உப்பு கிலோ 10 ரூபாய், குறைந்த சோடியம் உப்பு 21 ரூபாய். இரண்டு மடங்கு என்பது அதிர்ச்சியாகத் தோன்றும். ஆனால் நான்கு பேர் குடும்பம், ஆளுக்கு 11 கிராம் என்று தாராளமாகவே போட்டாலும், மாதத்துக்குச் செலவாகும் உப்பு ஒன்றேகால் கிலோவைச் சற்றே தாண்டும். அன்றைய விலையில் அதற்கான வித்தியாசம் மாதம் 15 ரூபாய்.